இங்கிலீஷ் வராதுன்னா கேவலமா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் வேலைக்கும் தேர்வுக்கும் உதவித்தொகைக்கும் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள், பல பேர் அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு. "தெரிந்த மொழிகள்" என்ற கட்டம் வந்ததும் இவ்வளவு நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவருக்கும் குரல் இறங்கிவிடும். அதற்கப்புறம் வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். திரும்பத் திரும்ப வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"இந்தியாவுல எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியுமாண்ணா? எனக்கு மட்டும்தான் வராத மாதிரி இருக்கு."

தெரியாதவர்கள்தான் ரொம்ப அதிகம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆங்கிலம் தாய்மொழி என்று சொன்னவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர். இரண்டாவது மொழியாக, மூன்றாவது மொழியாகத் தெரியும் என்றவர்களையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 13 கோடி. அப்போது நாட்டின் மக்கள்தொகை 121 கோடி. ஆக, பத்துப் பேரில் ஒருவர். அந்த ஒருவரும் சரளமாகப் பேசுவார் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை, அவரவர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஏன் எல்லாருக்கும் தெரிந்த மாதிரி தோன்றுகிறது என்றால், அந்தப் பத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. இன்டர்வியூவில் கேள்வி கேட்பவர், டாக்டர், மேனேஜர், ஹைகோர்ட் வக்கீல், டிவி விளம்பரத்தில் வருகிறவர் என்று நாம் அண்ணாந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் அவர்தான் இருக்கிறார்.

"இங்கிலீஷ் பேசினா மட்டும் ஏன் இவ்வளவு மரியாதை? அது எப்ப ஆரம்பிச்சது?"

சம்பளத்தோடு சேர்ந்து ஆரம்பித்தது. 1835-இல் ஆங்கிலேய அதிகாரி மெக்காலே எழுதிய குறிப்பை வைத்து ஆங்கிலேய அரசு கல்விப் பணத்தை ஆங்கிலக் கல்விக்குத் திருப்பியது. 1844-இல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் பிரபு அரசு வேலையில் ஆங்கிலம் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று அறிவித்தார். அன்றைக்கு அந்தப் படிப்புக்குப் போக முடிந்தவர்கள் யார்? பட்டணத்தில் இருந்தவர்கள், ஏற்கெனவே ஏட்டுப் படிப்பு உள்ள சாதிகள், கையில் காசு இருந்தவர்கள். அவர்கள் வேலைக்குப் போனார்கள், அவர்கள் பிள்ளைகளும் போனார்கள், இரண்டு மூன்று தலைமுறையில் அது பரம்பரைச் சொத்து மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கு ஒருவர் இங்கிலீஷ் பேசினால் எதிரில் இருப்பவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார்: நல்ல பள்ளி, படித்த அப்பா அம்மா, வசதியான வீடு. மரியாதை அந்தக் கணக்குக்குத்தான் போகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டம் மத்திய அரசின் ஆட்சிமொழியாக இந்தியோடு சேர்ந்து இருக்க ஆங்கிலத்துக்குப் பதினைந்து வருஷம் மட்டுமே கொடுத்தது, அதாவது 1965 வரை. அந்த வருஷம் தமிழ்நாட்டில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்தைத் தொடர்ந்து 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி ஆங்கிலம் தொடர வழி செய்தார்கள், 1968-இல் தமிழ்நாடு தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழிக் கொள்கையை எடுத்தது. நம் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர், பின்னாளில் அவரே ஆங்கிலம்தான் தொடர வேண்டும் என்று நின்றார். இந்தப் பின்னணியால் நம் மாநிலத்தில் ஆங்கிலத்துக்கு இரண்டு முகம். வெளியுலகத்துக்குப் போகிற கதவும் அதுதான், உள்ளூரில் ஒருவரை ஒருவர் அளந்து பார்க்கிற கோலும் அதுதான்.

"இங்கிலீஷ் இல்லாம ஓசூர்லயும் பெங்களூர்லயும் வேலையே கிடைக்காதா?"

கிடைக்கும். ஓசூர் சிப்காட்டிலோ போச்சம்பள்ளிப் பக்கத்துக் கம்பெனிகளிலோ லைனில் நின்று வேலை செய்கிறவர்கள் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று கலந்துதான் பேசிக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேர ஐ.டி.ஐ. சான்றிதழோ டிப்ளமோவோ கைவேலையோ போதும்.

ஆனால் ஒரு இடத்தில் தடுக்கும், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஷிப்ட் ரிப்போர்ட், இன்ஸ்பெக்ஷன் ஷீட், மெயில் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். ஆபரேட்டர் சூப்பர்வைசர் ஆகிற நேரத்தில், பத்து வருஷம் மெஷினோடு பழகியவரைத் தாண்டி நேற்று வந்தவர் மேலே போவார், ரிப்போர்ட்டை அவர் எழுதுவார் என்பதற்காக. இதைப் பார்த்து வயிறெரிந்தவர்கள் நம் ஊரில் நிறைய. அதனால் இங்கிலீஷ் தேவையில்லை என்று யாராவது மேடையில் சொன்னால் கை தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். தேவைதான். எவ்வளவு தேவை, எந்த வேலைக்கு என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"நான் ஒன்னாவதுல இருந்து தமிழ் மீடியம். லைஃப் போச்சா?"

போகவில்லை. 2010-இல் வந்த சட்டப்படி தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. 2020 திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்த வேலைக்குக் கேட்கிற படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் மீடியம் என்று நீங்கள் வெட்கத்தோடு சொல்கிறீர்களே, அதுதான் அங்கே தகுதி. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் தமிழ் வழிச் சான்றிதழை இப்போதே வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் தலைமையாசிரியரைத் தேடிக்கொண்டு அலைகிறவர்களை நான் ஒவ்வொரு அறிவிப்பின்போதும் பார்க்கிறேன்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-இல் தமிழ்த் தகுதிப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம் எடுத்தால்தான் மீதித் தாளையே பார்ப்பார்கள். யு.பி.எஸ்.சி. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம், நேர்முகத்தையும் தமிழில் கொடுக்கலாம். ஆனால் பிரிலிமினரி கேள்வித்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் வரும், மெயினில் ஒரு ஆங்கிலத் தாளில் பாஸ் ஆகவும் வேண்டும். படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்கு இங்கிலீஷ் அங்கே கட்டாயம், சரளமாகப் பேசிக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

"கிராமர் தெரியும், பரீட்சையில எழுதிடுவேன். வாயைத் திறந்தா ஒன்னும் வரமாட்டேங்குது. ஏன்?"

பன்னிரண்டு வருஷமும் இங்கிலீஷை எழுதத்தான் படித்தீர்கள், பேசப் படிக்கவே இல்லை. அதோடு, பேசும்போது தப்பு வரும், தப்பு வந்தால் யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால் பழக்கம் வராது. பழக்கம் இல்லாததால் அடுத்த தடவை இன்னும் தப்பாக வரும். வெட்கம்தான் இங்கே முழுத் தடை, மூளையில் ஒரு குறையும் இல்லை.

இன்டர்வியூவுக்குப் போகிற எல்லாரும் "மைசெல்ஃப்" என்று ஆரம்பிக்கிற ஒரே பத்தியை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். நடுவில் கேள்வி கேட்பவர் "பென்னாகரம் எங்கே இருக்கு" என்று ஒரு கேள்வி போட்டால் நின்றுவிடுகிறார்கள். ஒரு பையனை நான் வேறு மாதிரி உட்காரவைத்தேன். அவன் ஊரில் கிணற்று மோட்டார் ரிப்பேர் செய்கிறவன். எரிந்துபோன மோட்டாரை என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஃபர்ஸ்ட் சப்ளை செக். தென் கெபாசிட்டர். தென் வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் செக். ஷார்ட்டுன்னா ரீவைண்டிங்" என்று கடகடவென்று சொன்னான். பேர்ச்சொல் எல்லாம் அவனிடம் ஏற்கெனவே இருந்தது, நடுவில் "ஐ வில்" ஒன்றுதான் இல்லை. "ஐ வில் செக் த சப்ளை" என்று ஒவ்வொரு படிக்கும் அதைச் சேர்த்துச் சொல்லவைத்தேன். உங்களுக்குத் தெரிந்த வேலையை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். தெரியாத விஷயத்தைத் தெரியாத மொழியில் பேசுவதால்தான் திணறுகிறீர்கள்.

"பேசிப் பழகலாம்னு பார்த்தா, பசங்களே 'பீட்டர் விடாத'ங்கறாங்க."

இதைச் சொல்லாத பிள்ளையே இல்லை. பேசாவிட்டால் பட்டிக்காடு, பேசினால் பீட்டர். மேலே இருக்கிறவர்கள் மட்டம் தட்டுவது ஒரு பக்கம் என்றால், கூடவே படிக்கிறவர்கள் காலைப் பிடித்து இழுப்பது இன்னொரு பக்கம். எனக்கு இந்த இரண்டாவதுதான் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அதை நிறுத்த நம்மால் முடியும். கிண்டல் செய்கிற பையனும் உள்ளுக்குள் பயந்தவன்தான், நீ முந்திப் போய்விடுவாயோ என்று.

இரண்டு பேர் போதும். கிண்டல் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த ஒரே ஒரு சிநேகிதனோடு பஸ்ஸில் போகும்போது பேசுங்கள். தர்மபுரியிலிருந்து அரூர் போய்ச் சேர்வதற்குள் எவ்வளவோ பேசலாம்.

"முப்பது நாள்ல சரளமா பேசலாம்னு போர்டு போட்டிருக்காங்களே, சேரலாமா?"

போர்டை நம்பிச் சேராதீர்கள். வகுப்பில் யார் அதிகம் பேசுகிறார், வாத்தியாரா பிள்ளைகளா என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். வாத்தியார்தான் பேசுகிறார் என்றால் வந்துவிடுங்கள். கல்லூரியில் இருப்பவர்கள் முதலில் தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் கிடைக்கும் இலவசப் பயிற்சியைப் பாருங்கள், காசு கட்டுவது அதற்கப்புறம்.

"என் உச்சரிப்பு நம்ம ஊர் மாதிரியே இருக்கு. அதை மாத்தணுமா?"

மாற்ற வேண்டாம். எதிரில் இருப்பவருக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தாலே பாதி சரியாகிவிடும். வடநாட்டுக்காரர் இங்கிலீஷில் இந்தி வாடை வருகிறது, வங்காளிக்கு வங்காள வாடை, அதையெல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

"சார், நாங்க ஓசூர் பக்கம். வீட்ல தெலுங்கு, ஸ்கூல்ல தமிழ், சந்தையில கன்னடம். இதுல இங்கிலீஷ் வேறயா? எங்களுக்கு லாங்குவேஜே வராது சார்."

இதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது. ராயக்கோட்டைத் தக்காளி மண்டியில் விடியற்காலையில் நின்று பாருங்கள். ஒரே ஆள் விவசாயியிடம் தெலுங்கில் விலை பேசுவார், லாரிக்காரரிடம் தமிழில் சத்தம் போடுவார், கர்நாடகத்து வியாபாரிக்குப் போனில் கன்னடத்தில் தரத்தைச் சொல்வார், அடுத்த அழைப்பில் இந்தி. அவரை உட்காரவைத்து எத்தனை மொழி தெரியும் என்று கேட்டால் "எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க" என்பார். கேட்டது என்ன, சொன்னது என்ன பாருங்கள்!

நான்கு மொழி பேசுகிறவர் ஐந்தாவதைக் கற்றுக்கொள்வது, ஒரு மொழி மட்டுமே தெரிந்தவர் இரண்டாவதைக் கற்றுக்கொள்வதைவிடச் சுலபம். தெலுங்கையும் கன்னடத்தையும் தப்பும் தவறுமாகப் பேசித்தானே பிடித்தீர்கள், அப்போது யாரும் சிரித்ததில்லை. விண்ணப்பத்தில் "தெரிந்த மொழிகள்" கட்டத்தில் தெலுங்கையும் கன்னடத்தையும் எழுதுங்கள். பலர் எழுதாமல் விடுகிறார்கள். பெங்களூரில் ஆட்களோடு பேசுகிற எந்த வேலைக்கும் அது மதிப்பு.

"பக்கத்து வீட்டுல எல்லாம் இங்கிலீஷ் மீடியம் போட்டுட்டாங்க. நாங்க போடலைன்னா பிள்ளை நாளைக்குக் கேட்காதா?"

இந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். பிள்ளைக்குப் புரிகிற மொழியில் படிப்பைத் தொடங்குவதுதான் நல்லது என்று யுனெஸ்கோ 1953-லேயே சொல்லிவிட்டது. அதே நேரம் அப்பா அம்மாக்கள் இங்கிலீஷ் மீடியம் தேடுவதை மோகம் என்று திட்டுவதும் அநியாயம். கல்குவாரியிலும் மாங்கூழ் ஃபேக்டரியிலும் உடம்பைத் தேய்க்கிறவர்களுக்குத் தெரியும், இங்கிலீஷ் தெரிந்தவர் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பது. தன் பிள்ளை அங்கே உட்கார வேண்டும் என்று நினைப்பதில் என்ன தப்பு? இப்படித் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளையைத் தமிழ் வழியில் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நான் பார்த்த வரையில் சங்கடம் வருவது இங்கே: பலகையில் இங்கிலீஷ் மீடியம், வகுப்பில் டீச்சர் தமிழில் விளக்கிவிட்டு இங்கிலீஷில் பதிலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார். பிள்ளைக்கு அறிவியலும் புரியவில்லை, இங்கிலீஷும் வரவில்லை, வேன் காசும் ஃபீஸும் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. அதற்கு நல்ல டீச்சர் இருக்கிற தமிழ் வழிப் பள்ளி எவ்வளவோ மேல். இங்கிலீஷ் மீடியம்தான் வேண்டும் என்றால் அரசுப் பள்ளிகளிலேயே 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக உண்டு, அங்கேயும் விசாரியுங்கள். கடன் வாங்கிச் சேர்ப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளியில் நான்காவது படிக்கிற ஒரு பிள்ளையைப் பிடித்து, பாடத்தில் ஒரு பக்கத்தைக் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். சொன்னால் சேர்க்கலாம்.

"பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு வராதம்மா, மிஸ் இங்கிலீஷ்ல பேசுவாங்கன்னு என் பையனே சொல்றான் தம்பி. நான் என்ன செய்யட்டும்?"

போங்கக்கா. கண்டிப்பாகப் போங்க. உங்கள் காசில் நடக்கிற பள்ளி அது. "தமிழ்ல சொல்லுங்க மிஸ்" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது, பெரும்பாலான டீச்சர்கள் உடனே தமிழுக்கு மாறிவிடுவார்கள், அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தானே. கேட்க மூன்று விஷயத்தை மனசில் வைத்துக்கொண்டு போங்கள்: எந்தப் பாடத்தில் பின்தங்கியிருக்கிறான், வகுப்பில் கேள்வி கேட்கிறானா, யாரோடு சேர்கிறான்.

பையனை அடிக்காதீர்கள், அவனுக்கும் அது பள்ளிக்கூடத்தில் ஏறின வெட்கம். ஆனால் விட்டுவிடவும் வேண்டாம். அப்பா வர மாட்டார் என்று பொய் சொல்லிப் பழகின பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்தபிறகு ஊர்ப் பேரையே மாற்றிச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அம்மா மீட்டிங்கில் நிமிர்ந்து உட்கார்ந்து தமிழில் கேள்வி கேட்பதை அவன் ஒரு தடவை பார்க்கட்டும்.

"பேங்க்லயும் ஆபீஸ்லயும் இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்தை விட்டாதான் மதிக்கிறாங்க. தமிழ்ல கேட்டா அலைக்கழிக்கிறாங்களே?"

நடக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. வாடிக்கையாளருக்கான படிவங்கள் இந்தி, ஆங்கிலம், மாநில மொழி என மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருப்பது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 6-ஆவது பிரிவு, மனுவை அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் எழுதலாம் என்கிறது. அதனால் மத்திய அரசு அலுவலகத்துக்கும் தமிழிலேயே மனு போடலாம், போட்டும் இருக்கிறோம். கோர்ட்டில் கீழமை நீதிமன்றம் வரை தமிழ் செல்லும். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்றால் அரசியல் சட்டத்தின் 348-ஆவது பிரிவின்படி ஆங்கிலம்தான், அங்கே வக்கீலிடம் ஒவ்வொரு தாளுக்கும் தமிழில் விளக்கம் கேட்டு வாங்கிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"பொண்ணு பார்க்க வந்தவங்க 'இங்கிலீஷ் பேசுவாளா'ன்னு கேட்டாங்க. பி.எஸ்சி. கணக்கு முடிச்ச பொண்ணுங்க அது."

இரண்டாவது கேள்விக்குச் சொன்ன அதே கணக்குத்தான், இங்கே சம்பந்தம் பேசும்போது போடுகிறார்கள். பையன் பெங்களூரில் கம்பெனி வேலை, அவன் சிநேகிதர்கள் முன்னால் மருமகள் எப்படித் தெரிவாள் என்ற கவலை. அந்தப் பெண் என்ன படித்தாள், மேலே என்ன செய்ய நினைக்கிறாள் என்று அவர்கள் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகப் பெண்ணை அவசரமாக ஸ்போக்கன் இங்கிலீஷில் சேர்க்காதீர்கள். அவள் தனக்காகக் கேட்டால் சேருங்கள்.

"தமிழ் தமிழ்னு பேசறீங்க, இங்கிலீஷும் கத்துக்கோன்னு சொல்றீங்க. ரெண்டுல எது?"

இரண்டும். நான் எதிர்ப்பது மொழியை இல்லை, அதை வைத்து ஒருவரைக் கூனிக் குறுகவைப்பதை. இங்கிலீஷ் எல்லாருக்கும் பரவினால்தான் அந்த அளவுகோலுக்கு மதிப்புக் குறையும், சிலரிடம் மட்டும் இருக்கும் வரை அவர்கள் அதை ஓங்கிக்கொண்டேதான் இருப்பார்கள். அதனால் ஏழைப் பிள்ளை இங்கிலீஷ் கற்றுக்கொள்வதை நான் தமிழுக்கு விரோதமாகப் பார்க்கவில்லை. தமிழில் நாலு வரி தப்பில்லாமல் எழுத வராது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"செல்போனே மொழிபெயர்த்துடுதே, இனிமே எதுக்குக் கஷ்டப்படணும்?"

மெயில் எழுத, படிவம் புரிந்துகொள்ளத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இன்டர்வியூ மேசையில் போனை எடுக்க விட மாட்டார்கள்.

"அண்ணா, நான் இப்ப ஓசூர்ல டீம் லீடர். நம்ம ஊர்ப் பசங்களை நானே இன்டர்வியூ எடுக்கறேன். இங்கிலீஷ் வரலைன்னா எடுக்கலாமா, வேண்டாமா?"

இந்தக் கேள்வி வர ஆரம்பித்திருப்பதே எனக்குச் சந்தோஷம். அந்த வேலைக்கு இங்கிலீஷ் எதற்கு வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுது. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேச வேண்டிய வேலை என்றால் பேச்சைச் சோதிப்பது நியாயம். ரிப்போர்ட் எழுத வேண்டும் என்றால் ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்து நிரப்பச் சொல், பேசச் சொல்லாதே. மெஷினைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றால் மெஷினுக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டுபோய்க் கேள்.

முதல் கேள்வியைத் தமிழில் கேள், எந்த ஊர், பஸ் எப்போது கிடைத்தது என்று. பையனுக்கு மூச்சு சீராகட்டும். இங்கிலீஷில் தடுமாறினால் "தமிழ்லயே சொல்லுப்பா" என்று நீ சொல்லிவிடு, அவனாகக் கேட்க மாட்டான். பக்கத்தில் உன் மேனேஜர் இருந்தால் அவருக்கு நீயே இங்கிலீஷில் எடுத்துச் சொல். வேலைக்கு எடுத்தபிறகு முதல் மூன்று மாசம் ஷிப்ட் ரிப்போர்ட்டை அவனையே எழுதவிட்டு, கூட உட்கார்ந்து திருத்திக் கொடு.